படகு சாயலாம், குக்கர் சாயக் கூடாது: நடுக்கடலில் சமைப்பது எப்படி?

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

நம்மில் பல பேருக்குக் கடல் என்றால் எலியட்ஸ் பீச், சுண்டல், கொஞ்சம் காற்று. அதாவது கரையில் நின்று பார்க்கிற கடல். இன்றைக்குக் கரையை விட்டுத் தள்ளிப் போகிறோம். ஒரு பாய்மரப் படகுக்குள்ளே, அதிலும் அதன் சமையலறைக்குள்ளே.

கப்பல், படகுச் சமையலறைக்கு ஆங்கிலத்தில் ‘கேலி’ என்று பெயர். பெயரில் மட்டும்தான் கேலி, வேலையில் கிடையாது. நீண்ட பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்குப் புயல் பற்றி எவ்வளவு சொல்லித் தருகிறார்களோ, அதே அளவு அக்கறையோடு ஒரு சட்டி வெந்நீரைப் பற்றியும் சொல்லித் தருவார்கள். ஏன்? அதைத்தான் பேசப்போகிறோம்.

யார் இப்படிச் சமைக்கிறார்கள்?

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகு கிளம்பியது. உள்ளே இரண்டே பேர். இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. ரூபா நம்ம பக்கத்து ஊர், புதுச்சேரி. தில்னா கோழிக்கோடு. ஃப்ரீமான்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு துறைமுகங்களில் நின்று, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள். இதே படகில்தான் 2017–18இல் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தார்கள்.

தாரிணியின் நீளம் 56 அடி, அதாவது சுமார் 17 மீட்டர். ஒரு மாநகரப் பேருந்து ஏறக்குறைய 12 மீட்டர். ஆக, ஒன்றரை பஸ் நீளத்துக்கும் சற்றுக் குறைவான இடத்தில் எட்டு மாத வாழ்க்கை. தூக்கம், வேலை, சமையல் எல்லாமே அதற்குள்தான்.

2025 ஜனவரி இறுதியில் அவர்கள் ‘பாயின்ட் நீமோ’ என்ற இடத்தைக் கடந்தார்கள். தெற்குப் பசிபிக்கில் இருக்கும் இந்தப் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர் தூரம். சர்வதேச விண்வெளி நிலையம் பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அதாவது அந்த இடத்தில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் மனிதர் தலைக்கு மேலே போகும் விண்வெளி வீரராகக்கூட இருக்கலாம்.

இப்போது யோசிச்சுப் பாருங்க. அடையாறில் கையில் வெந்நீர் கொட்டினால், எவ்வளவு ட்ராஃபிக் இருந்தாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பாயின்ட் நீமோவில் கொட்டினால்? இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பேர் ஓட்டுகிற படகில் ஒருவருக்குக் கை வெந்துவிட்டால், மீதி நாட்களுக்கு ஒரே ஆள்தான். பாய் இழுக்க, திசை பார்க்க, காயத்துக்குக் கட்டுப்போட, எல்லாவற்றுக்கும் அவர்தான். அதனால்தான் ஒரு டம்ளர் டீயே பெரிய விஷயமாகிறது.

நம் கரையிலேயே இதன் வெவ்வேறு படிகளைப் பார்க்கலாம். ஊரூர் ஆல்காட் குப்பம், நொச்சிக்குப்பம் பக்கத்து ஃபைபர் படகுகளில் அடுப்புக்கு இடமே இல்லை. பக்கத்துக் கடலுக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பும் படகுகள் அவை. காசிமேட்டு விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்குகிறவை, அதனால் படகிலேயே உலை கொதிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர்கள். பாய்மரப் படகின் கூடுதல் சிக்கல், அது ஓடும்போதே ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடும். உங்கள் சமையல் மேடை பல மணி நேரம் 20 டிகிரி சரிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அங்கே சாதாரண நாள்.

ஊஞ்சலில் ஒரு அடுப்பு

முதல் தீர்வு, அடுப்பையே தொங்கவிடுவது. கோயிலில் சங்கிலியில் தொங்கும் தூக்கு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி ஆடினாலும் எண்ணெய் சட்டென்று சிந்தாது. படகு அடுப்பும் அதே தத்துவம்தான். இரு பக்கமும் ஒவ்வொரு முளையில் அடுப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். இதற்கு ‘கிம்பல்’ என்று பெயர். படகு இடமோ வலமோ சாயும்போது அடுப்பு மட்டும் மட்டமாக நிற்கும்.

ஆனால் இதற்கும் வரம்பு உண்டு. தொங்கும் பொருள் நிலையாக நிற்க, அதன் எடையின் மையம் முளைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே பெரிய அண்டா நிறைய சாம்பார் வைத்தால் எடை மேலேறிவிடும், அடுப்பு கவிழப் பார்க்கும். கீழே அவன் இருந்தால், அதன் கதவைத் திறக்கும்போது எடை முன்னால் வந்து அடுப்பு திடீரென்று உங்கள் பக்கம் சாயும். இன்னொன்று, இந்த ஏற்பாடு பக்கவாட்டுச் சாய்வுக்கு மட்டும்தான். படகின் மூக்கு அலையில் ஏறி இறங்கும்போது ஊஞ்சல் உதவாது. அதனால் அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி, பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள் எல்லாம் வைத்திருப்பார்கள்.

அடுப்புக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு உறுதியான கம்பி இருக்கும். தடுமாறினால் பிடிக்க வேண்டியது அதைத்தான், அடுப்பை அல்ல. ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும் என்பது கேலியிலும் பொருந்தும். இரண்டு கையும் தேவைப்படுகிற வேலையை அலை அதிகமாக இருக்கும்போது எடுக்கவே கூடாது.

சிலர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு சமைப்பார்கள். இது ஏன் உதவுகிறது என்பதற்குப் படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அடுப்பு இருக்கும் பக்கம் தாழ்ந்திருந்தால் பாத்திரம் உங்களை விட்டு விலகிச் சரியும், ஆனால் நீங்கள் அடுப்பின் மேல் விழப் பார்ப்பீர்கள். அடுப்புப் பக்கம் உயர்ந்திருந்தால் நீங்கள் பின்னால் சரிவீர்கள், பாத்திரம் உங்களை நோக்கி வரும். இந்த இரண்டாவது நிலைதான் மோசம். பின்னால் விழாமல் தாங்க அப்போது பட்டை உதவும். ஆனால் பட்டையே ஆளை அடுப்போடு கட்டிப்போட்டுவிடக் கூடாது. ஒரே இழுப்பில் கழற்ற முடிந்தால்தான் அது பாதுகாப்பு.

நெருப்பைவிட வெந்நீர்

கடல் சமையலில் பெரும்பாலும் பயப்பட வேண்டியது சுடரை இல்லை, திரவத்தை. 60 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்கச் சுமார் 5 வினாடி போதும். 70 டிகிரியை நெருங்கினால் ஒரே வினாடி. கொதிக்கும் ரசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கான பழக்கங்கள் எளிமையானவை:

- பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.
- சட்டை இல்லாமல், வெறுங்காலோடு அடுப்பருகே போகக் கூடாது. அலை அதிகமானால் மார்பு வரை மறைக்கும் நீர்புகா பேண்ட்டைப் போட்டுக்கொண்டு சமைப்பார்கள். வெப்ப மண்டலத்தில் வேர்த்துக் கொட்டும், ஆனாலும் வெந்நீர் தோலைத் தொடாமல் வழிந்துவிடும்.
- டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றக் கூடாது. சிங்க்குக்குள் வைத்து ஊற்ற வேண்டும். சிந்தினாலும் அங்கேயே சிந்தும்.
- சூடான டம்ளரைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. ஒருவர் வைக்க, இன்னொருவர் எடுக்க வேண்டும்.
- ஊற்றுவதற்கு முன் மேலே இருப்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும்: “வெந்நீர் ஊத்தப் போறேன்!” பெரிய அலை வருகிறதா என்று அவருக்குத்தான் தெரியும். தேவைப்பட்டால் காற்றின் போக்கில் திருப்பியோ, பாயைச் சரிசெய்து படகை ஏறக்குறைய நிறுத்தியோ பத்து நிமிடம் அமைதி வாங்கித் தருவார்.

இங்கேதான் நம்ம ஊர்ப் பாத்திரம் ஒன்று கெத்தாக உள்ளே வருகிறது. பிரஷர் குக்கர்! ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ உங்கள் அம்மா பேரம் பேசி வாங்கின அதே குக்கர், உலகம் முழுக்கப் பாய்மரக்காரர்களின் செல்லப் பிள்ளை. மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பது அப்படியே வெளியே கொட்டாது. கேஸும் தண்ணீரும் மிச்சம். ஒரே நிபந்தனை, ஆவி முழுக்க அடங்கும் வரை திறக்கக் கூடாது. ஆடுகிற படகில் அவசரப்பட்டு மூடியைத் திருப்புவது, கையில் வெந்நீர் வெடியைப் பிடிப்பது மாதிரி.

கீழே இறங்கும் கேஸ்

அடுத்தது, சத்தமில்லாத ஆபத்து. பல பாய்மரப் படகுகளிலும் நம் வீடுகளைப் போல எல்பிஜிதான் எரிபொருள். இதில் இருப்பவை முக்கியமாக புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே பறந்து போகாது, தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கும்.

வீட்டில் அது கதவிடுக்கு வழியாகப் பால்கனிக்குப் போகக்கூடும். படகுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் உள்ளே வராதபடி கட்டப்பட்ட ஒரு கிண்ணம்தான் படகு. தண்ணீர் உள்ளே வர முடியாத கிண்ணத்தை விட்டுக் கேஸும் வெளியே போக முடியாது. படகின் அடிவயிற்றில் சேர்ந்து தேங்கும். காற்றில் எல்பிஜி சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். அதே அடிவயிற்றில்தான் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் இருக்கும். அது தானாக ஓடத் தொடங்கும்போது ஒரு சின்னப் பொறி வந்தால் போதும்.

அதனால் சிலிண்டரை அறைக்குள் வைக்க மாட்டார்கள். வெளியே தனிப் பெட்டி, உள்ளறையோடு தொடர்பில்லாமல். அதன் அடியில் ஒரு ஓட்டை, கசியும் கேஸ் அது வழியாகக் கடலுக்கு மேலே வெளியேறிவிடும். கேஸ் கண்டறியும் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்துவார்கள். கூரையில் பொருத்தினால் அது கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுவார்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து சுடர் தானாக அணையும். அதற்குப் பிறகுதான் அடுப்பின் குமிழை மூடுவார்கள். இப்படிச் செய்தால் அடுத்த வேளை வரை குழாயில் கசிவதற்கே எதுவும் இருக்காது.

வாசனை வந்துவிட்டால்? சுடரை அணை, வால்வை மூடு, எல்லா மூடியையும் திற. எந்த ஸ்விட்சையும் தொடாதே, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பிறகு ஒரு விசித்திரமான வேலை. கைப்பம்பை எடுத்து, அதுவும் இல்லாவிட்டால் வாளியை எடுத்து, அடிவயிற்றில் தேங்கிய கேஸை மொண்டு மொண்டு வெளியே கொட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வாளியால் இறைப்பது காமெடியாகத் தோன்றலாம். ஆனால் காற்றைவிடக் கனமான கேஸை வெளியேற்ற அதுதான் சரியான வழி.

எண்ணெயும் புகையும்

நடுக்கடலில் வடை, பஜ்ஜி, அப்பளம் கிடையாது. ஆடும் படகில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது. சின்ன வாணலியில் தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயை நாலா பக்கமும் வீசும். கேஸை அணைத்து, மூடியாலோ தீப்போர்வையாலோ மூடிவிட்டு ஆறும் வரை திறக்காமல் இருக்க வேண்டும். அந்தப் போர்வை அடுப்புக்கு நேர் மேலேயோ பின்னாலேயோ மாட்டியிருந்தால் தீயைத் தாண்டி எடுக்க வேண்டிவரும். வாசலுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம்.

குளிரான தென்கடலில் எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு அடுப்பிலேயே குளிர் காயலாம் என்று தோன்றும். அங்கேதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. எல்பிஜிக்காவது வாசனை சேர்த்திருக்கிறார்கள், இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று வரும்போது அலையால் வந்த குமட்டல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அடுப்பு எரியும்போது எவ்வளவு குளிரானாலும் ஒரு மூடி கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும்.

அப்போ என்னதான் சாப்பிடுவது?

நல்ல கடல் சமையல்காரர் அடுப்பருகே குறைவான நேரம் நிற்பவர். முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கும் குமட்டல் இருக்கும். அந்த நாட்களுக்கானதைக் கரையிலேயே தயார் செய்துவிட வேண்டும். பிறகு ஒரே பாத்திரச் சமையல்: பொங்கல், உப்புமா, கிச்சடி. இதையெல்லாம் தட்டில் போடாமல், ஆழமான கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவார்கள். நம் எவர்சில்வர் தட்டு அங்கே பறக்கும் தட்டு!

காலையில் கடல் அமைதியாக இருக்கும்போதே வெந்நீர் போட்டு நல்ல ஃபிளாஸ்க்கில் நிரப்பிவிட்டால், நாள் முழுக்க டீக்கும் உடனடி உணவுக்கும் அடுப்பே வேண்டாம். மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் பல ஆண்டுகளாக முப்படைகளுக்காக உப்புமா, புலாவ் போன்றவற்றைக் கெடாத பைகளில் அடைக்கும் முறைகளை உருவாக்கி வருகிறது. அப்படிப்பட்ட பைகளைச் சூடாக்கினால் போதும், முடியாவிட்டால் அப்படியேகூடச் சாப்பிடலாம்.

மிச்சம் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. வெப்பமான அறையில் மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் சில பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், அந்த நஞ்சு போகாது. நடுக்கடலில் வாந்தி, பேதி என்றால் உடம்பில் நீர் வற்றும். அங்கே குடிநீரே அளவாகத்தான் இருக்கும். அதனால் அந்த வேளைக்கு மட்டும்தான் வடிக்க வேண்டும்.

அடுப்பை நெருங்கவே முடியாத நாளுக்கும் ஒரு ஏற்பாடு தேவை. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி 2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பில் அடிபட்டு எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்கும் வரை மூன்று நாள். அவர் கைக்கு எட்டியது ஐஸ் டீ டப்பாக்கள். சமைக்காமல் சாப்பிடக்கூடியது, குடிக்கக்கூடியது கொஞ்சம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சுட்டுவிட்டால்

முதல் வேலை, குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க், மாவு எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. படகில் குடிநீரை இதற்குச் செலவழிக்க முடியாவிட்டால் சுத்தமான கடல்நீரிலேயே குளிரவைக்கலாம். எரியும்தான், ஆனால் சூடு உள்ளே இறங்குவது நிற்கும். பிறகு சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ துணியாலோ தளர்வாக மூடிவிட்டு, ரேடியோ அல்லது சாட்டிலைட் போனில் மருத்துவ ஆலோசனை கேட்க வேண்டும்.

தி. நகர் சமையலறைக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடி, ஜன்னலைச் சாத்தி ஏசி ஓடும் ஒரு சின்ன ஃபிளாட். கேஸைப் பொறுத்தவரை அதுவும் கிட்டத்தட்ட ஒரு கிண்ணம்தான். அதே எல்பிஜி, அதே கனம். கேஸ் வாசனை வந்தால் நாம் தன்னிச்சையாகச் செய்வது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது. அந்த ஸ்விட்சுதான் பொறி, கேஸோ கீழே தரையில். செய்ய வேண்டியது ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எல்பிஜி அவசர எண்ணுக்குப் போன் செய்வது. வீட்டுக்குள் நின்று பேசாமல், வெளியே வந்து பேசுங்கள். ராத்திரி படுக்கும்போது சிலிண்டர் பக்கத்திலும் மூடுங்கள். வாணலியின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். குழந்தை கையில் டம்ளரை நேராகக் கொடுக்காமல் மேஜையில் வையுங்கள்.

நம் வீட்டுத் தரை ஆடாது. அதனால் இந்தப் பழக்கங்கள் இல்லாமலே பல வருஷம் நமக்கு எதுவும் ஆகாமல் போகலாம். கடலில் அந்தச் சலுகை ஒரு நாள்கூடக் கிடைக்காது, அதனால் அங்கே எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவர்கள் கற்றதை நாம் சும்மா வாங்கிக்கொள்ளலாம், காசா பணமா!

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரை கிச்சன்ல பார்த்து இருங்க.